அத்தானின் பிரெஞ்சும் கிழவரின் வலோனும்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஊரில் எல்லாருடைய வாயையும் திருத்துவதற்கென்றே பிறந்தவர். நாங்கள் தீவுப் பக்கத்து ஆட்கள், அவர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர். அக்காவைக் கட்டிக்கொண்ட நாள் தொடக்கம் எங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும், "உது தீவுக்கதை, வடிவாய்க் கதை" என்று திருத்துவார். அக்கா பயந்து பயந்து கதைத்து, கடைசியில் கதைப்பதையே குறைத்துவிட்டாள். நான் குறைக்கவில்லை. அதனால் அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது.

கனடாவுக்கு வருகிற வழியில் அவர் பாரிசில் இரண்டு வருடம் நின்றவர். அந்த இரண்டு வருடப் புழுகை இத்தனை காலமாக இந்த ரொறன்ரோச் சனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்காபரோவில் தமிழ்க் கடையில் மரக்கறி ரோல்ஸ் வாங்கிவிட்டு, கல்லாப்பெட்டியில் நிற்கிற பிள்ளைக்கு "மெர்சி" சொல்லுவார். அந்தப் பிள்ளை சுன்னாகத்துப் பிள்ளை. பிரெஞ்சு 'ர'வை எப்படிச் சொல்வது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், அடித்தொண்டையில் கரகரவென்று இழுத்துக் காட்டுவார். சளி பிடித்தவர் விடியற்காலையில் காறுவது போலவே இருக்கும். அதையும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க நாலு பேர் இருப்பார்கள். தன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர் வேறு. மைக்கைப் பிடித்தால் பசி வந்தால்தான் விடுவார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் என் மகளின் கலியாணம் போய் விழுந்தது.

மகள் விரும்பியது ஒரு வெள்ளைப் பெடியனை. குறை சொல்ல எவ்வளவோ தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் விபத்தில் போய்விட்டார்கள். தகப்பனுடைய தகப்பன்தான் அவனை வளர்த்தவர். கிழவருக்குத் தொண்ணூறு வயது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இளந்தாரியாக இருந்தபோது இங்கே தச்சு வேலைக்கு வந்தவர். மனைவி செத்தபிறகு ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். அவருடைய வீட்டுப் பாஷை வலோன். அப்படியொரு பாஷை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. பெல்ஜியத்தின் தெற்குப் பக்கத்துச் சனம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் வீட்டில் இதுவுமாகப் பேசி வந்ததாம். பிரெஞ்சுக்குத் தங்கச்சி முறை என்று பெடியன் சொன்னான். தங்கச்சி என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.

மணவறையில் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் இருக்கிற இடத்தில் இருக்க இந்தக் கிழவரை விட்டால் வேறு ஆளில்லை. கிழவரோ வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு பின்னேரம் மகள் சமையலறைக்குள் வந்து நின்று அழுதாள்.

"அம்மா, அவர் வராட்டில் தனக்கு ஒருத்தருமே இல்லாத மாதிரி இருக்கும் எண்டுறான். ஹி இஸ் ரியலி ஹேர்ட். வெளியிலை சொல்லுறானில்லை."

"ஏன் வரமாட்டாராம்? நாங்கள் கறுப்பு எண்டோ?"

"சீ, அப்பிடி ஆள் இல்லையம்மா. அழைப்புக் காட்டைக் குடுத்தனாங்கள். வாங்கி மேசையிலை வைச்சிட்டு, 'என்னை ஆர் வந்து கேட்டது?' எண்டு கேட்டவராம்."

வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டேன். அட கோதாரி, இந்தக் கிழவர் எங்கடை ஆளெல்லோ! இந்த நகரத்தில் தமிழரின் பாதிக் கோபம் அதில்தான் இருக்கிறது. 'காட் அனுப்பினவை, வீட்டை வந்து சொல்லேல்லை' என்று மூக்கைச் சிந்திக்கொண்டு, கூடப் பிறந்தவனின் பிள்ளையின் கலியாணத்துக்கே போகாமல் வீட்டில் இருந்து சீரியல் பார்த்த சனம் எத்தனை. மின்னஞ்சலில் அழைப்பு வந்தால் அவமானம், வாட்ஸ்அப்பில் வந்தால் பரம்பரைப் பகை. தட்டோடு வாசல் ஏறி, வாயால் சொல்ல வேண்டும். பெல்ஜியத்திலும் அப்படித்தான் என்றால் எனக்கு வேலை சுலபம்.

"அழாதை. நான் போய்ச் சொல்லுறன். அந்தாளின்ரை பாஷையிலேயே சொல்லுறன்" என்றேன்.

பெடியன் எனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தான். "வினே ஏ நொஸ் மொஹொன்." எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று அர்த்தம். கலியாணம், ஹோல் எல்லாம் சொல்லப் போனால் நாக்கு சுளுக்கும், இது போதும், தாத்தாவுக்கு விளங்கும் என்றான். அவனுக்கே அந்தப் பாஷை முழுக்கத் தெரியாது. கிழவர் பேசக் கேட்டு வளர்ந்ததால் சத்தங்கள் மட்டும் சரியாக வரும். வாரத்தில் இரண்டு தரம் வோபர்னில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து, குத்தரிசிச் சோறும் நண்டுக்கறியும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லித் தருவான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சத்தங்கள் எனக்குப் பிடித்திருந்தன. பிரெஞ்சு மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பாஷை இல்லை அது. நாய்க்கு அவர்கள் சொல்லுவது 'ச்ச' என்று அழுத்தித் தொடங்கும், நாளுக்குச் சொல்லுவது 'ஜ' என்று தொடங்கும். இரண்டும் தமிழ் வாய்க்குப் பழகினவை. 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது. பல் டாக்குத்தர் கருவியை வாய்க்குள் விட்டுக்கொண்டு சுகம் விசாரித்தால் நாங்கள் சொல்லுகிற பதில் மாதிரி. 'மொஹொன்' என்றால் வீடு. அதில் நடுவிலே வருகிற 'ஹ'தான் முக்கியம். பிரெஞ்சுக்காரன் 'ஹ'வை எழுதிவிட்டு விழுங்கிவிடுவானாம். லியேஜ் பக்கத்து ஆட்கள் விழுங்கமாட்டார்கள். கண்ணாடியைத் துடைக்க ஊதுகிற மாதிரி மூச்சு வெளியே வர வேண்டும். நாமூர்ப் பக்கத்து வலோன்காரர் அதையே 'மோஜோன்' என்று சொல்லுவார்களாம். "தாத்தாவுக்கு அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னான் பெடியன். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் நண்டு புரைக்கேறிவிட்டது.

மார்க்கம் வீதியில் சிவப்பு லைற்றில் நின்றுகொண்டு நான் 'மொஹொன், மொஹொன்' என்று ஊதிக்கொண்டிருப்பேன். பக்கத்துக் காரில் இருப்பவன் பயத்தோடு பார்ப்பான். பார்க்கட்டும்.

இது எப்படியோ அக்காவின் காதுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"நீயோ போகப் போறாய் தட்டுக் கொண்டு?"

"ஓம், ஏன்?"

"நீ போகலாமோ பிள்ளை? யோசிச்சுப் பார். சுமங்கலியாய்ப் போய்ச் சொல்லுறதுதானே முறை. நானும் அத்தானும் போறம். அத்தான் கதைப்பார். அவருக்குப் பிரெஞ்ச் தெரியும்தானே" என்றாள்.

என் மனிசன் போய்க் கனகாலம். அவர் போனதிலிருந்து நல்ல காரியங்களில் எனக்குரிய இடம் எதுவென்று எல்லாரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். மூன்றாம் வரிசைக் கதிரை. என் சொந்தப் பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போவதும் அக்காவும் அத்தானும்தான். அதற்கு நான் முன்னமே தலையாட்டிவிட்டேன். மகள் கத்தினாள், "அம்மா, திஸ் இஸ் ஸ்ரூப்பிட்" என்று. ஸ்ரூப்பிட்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் பயம். நான் தொட்டதால் என் பிள்ளையின் வாழ்க்கைக்கு ஏதாவது வந்தால் என்ற பயம் இருக்கிறதே, அது படித்தாலும் போகாது, பனி விழுகிற நாட்டுக்கு வந்தாலும் போகாது. அந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் எல்லாரையும் ஆட்டுகிறார்கள். சரியென்று சொல்லிவிட்டு, அந்த ஆத்திரத்தில் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரிக் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் வசனத்தைக் கேட்க வந்தார். நான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். மூடின கண்ணைத் திறக்கும்போதே முகத்தில் அந்தச் சிரிப்பு.

"இது பாஷையே? பிரெஞ்சைக் கடிச்சுத் துப்பினது மாதிரியெல்லோ இருக்கு. 'மேசோன்' எண்டெல்லோ வரவேணும்."

"அத்தான், அது பிரெஞ்ச். இது வலோன். வேறை பாஷை."

"உனக்கென்ன தெரியும்? நான் பாரிசிலை இருந்தனான். 'ஹ' எண்டு ஒரு சத்தமே பிரெஞ்சிலை இல்லை. படிக்காத சனம் தோட்டத்திலை நிண்டு கதைக்கிறது இது. இதைப் போய் அந்த மனிசனுக்கு முன்னாலை சொன்னால், எங்களையும் படிக்காத சனம் எண்டு நினைக்கும்."

"அந்த மனிசனே அப்பிடித்தான் கதைக்கிறவர்!"

"அதுதான் சொல்லுறன். நாங்கள் ஒரு படி மேலை நிண்டு கதைச்சால்தான் மதிப்பு. நீ விடு, நான் வடிவாய்த் திருத்திச் சொல்லுறன்."

சொன்னாரே பார்க்க வேண்டும்! அந்த முகத்தில் இருந்த திருப்தியை. வீட்டுக்குக் கூப்பிடப் போகிற ஆளின் தாய்ப் பாஷையைத் திருத்திக்கொண்டு போய்க் கூப்பிடுகிற அறிவு எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். வேறு எந்தச் சாதி சனத்துக்கும் வராது. நான் வாயைத் திறந்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அஜின்கோர்ட்டுக்குப் போனோம். அக்கா பட்டுச் சேலையில், கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பயற்றம் பணியாரம், மேலே குங்குமச் சிமிழ். அத்தான் கோட்டும் ரையும். மகளும் பெடியனும் முன்னமே அங்கே போயிருந்தார்கள். நான் வரவே கூடாது என்றுதான் அத்தான் சொன்னார். வருவேன் என்று நின்றேன். கடைசியில், "வாறதெண்டால் பின்னாலை வா. உள்ளை வராதை, வாசலிலை இரு" என்று அனுமதி கிடைத்தது. கதவுக்குப் பக்கத்தில் சப்பாத்துக் கழற்றுவதற்கு ஒரு குட்டி வாங்கு இருந்தது. அதில் இருந்தேன். எனக்கு முன்னால் எல்லாருடைய சப்பாத்தும் செருப்பும்.

கிழவர் சன்னல் ஓரத்துச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மெலிந்த மனிதர், தச்சுத் தொழில் செய்த கைகள் மட்டும் பெரியவை. காது நன்றாகக் கேட்டது. அத்தான் அறையின் நடுவில் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார். சங்கக் கூட்டத்தில் நிற்கிற அதே நிலை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். 'நூஸ் அவோன் லொனேர்' என்று என்னவோ நீளமாக, அடித்தொண்டைக் கரகரப்போடு, வளைத்து வளைத்துப் பேசினார். கைகளை வேறு விரித்தார். முடிவில் 'நோத்ர் மேசோன்' என்று அழுத்திச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். திருத்தியதைக் கவனித்தாயா என்கிற பார்வை.

கிழவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆங்கிலத்தில் பேசினார். மெல்லப் பேசியதால் எல்லாருக்கும் விளங்கியது.

"மிக நல்ல பிரெஞ்சு. என் பள்ளிக்கூடத்து ஆசிரியை இப்படித்தான் பேசுவாள். நான் என் தாயின் வார்த்தையில் ஒன்றைச் சொல்லிவிட்டால், சுவரைப் பார்த்து நிற்க வைப்பாள். சில நாள் விரலில் அடிமட்டத்தால் அடிப்பாள். அது மிருகங்கள் போடுகிற சத்தம் என்று சொல்லுவாள்."

பெடியன் கண்ணை மூடிக்கொண்டான். அத்தானின் காதில் முதல் இரண்டு வசனத்துக்கு மேல் ஏறவில்லை. "தாங்க்யூ, தாங்க்யூ" என்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளே? ரீச்சர்மார் கதைக்கிற தரத்திலை இருக்காம் என்ரை பிரெஞ்ச்!"

கடவுளே, இந்த மனிதருக்குக் காது எதற்கு? கண்ணாடி மாட்டவா? வெட்கத்தில் எனக்கு அந்தச் செருப்புக் குவியலுக்குள் தலையை நுழைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வீடு தேடி வந்ததற்கு நன்றி" என்றார் கிழவர். "எனக்கு வயதாகிவிட்டது. நான் வரவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும்."

அவ்வளவுதான். முடிந்தது. பெடியன் பேரனுக்குரிய இடத்தில், கிழவரின் கால்மாட்டில் இருந்து, கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளை, தாடியும் வைத்திருக்கிறான், ஆனால் உதடு துடிக்கிறது. என் மகள் அவனைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் அத்தானைக் கேட்கவில்லை, அக்காவையும் கேட்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

"வினே ஏ நொஸ் மொஹொன்!"

கிழவர் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு ஆள் இருப்பதையே அப்போதுதான் கவனித்திருக்கிறார். இன்னொரு தரம் சொல் என்று கையால் காட்டினார். சொன்னேன். மூச்சு போதாது என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். திரும்பவும் சொன்னேன். "நாமூர்க்காரி மாதிரி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் எல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் நாமூர்க்காரியாகவும் இருந்துவிட்டுப் போகிறேன்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார், "இவள்தானே மணப்பெண்ணின் தாய்? ஏன் சப்பாத்துகளோடு இருக்கிறாள்?"

அத்தான் தன் ரையைச் சரிசெய்தார். அக்கா தட்டில் இருந்த வெற்றிலையை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினாள். என் மகள்தான் சொன்னாள். சுற்றி வளைக்காமல், ஆங்கிலத்தில், செய்தி வாசிக்கிற மாதிரிச் சொன்னாள். அப்பா செத்துவிட்டார், கணவன் இல்லாத பெண் அழைப்புத் தட்டைத் தொட்டால் கூடாதாம், மேடையில் ஏறினாலும் கூடாதாம், அதனால்தான் அம்மா அங்கே இருக்கிறார்.

"என் மனைவியும் செத்துவிட்டாள்" என்றார் கிழவர். "என்னை மேடையில் முன்னுக்கு இருத்தத்தானே கூப்பிட வந்தீர்கள்? எனக்குக் கூடாது என்று இல்லையா?"

அத்தான் உடனே, மிகவும் பெருந்தன்மையாக, கையை ஆட்டிக்கொண்டு சொன்னார். "நோ, நோ, சேர். ஃபோர் மென், நோ புரொப்ளம்."

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்ததில், யாரும் திருத்தத் தேவையில்லாத ஒரே வசனம் அதுதான். எங்கள் முறை, சடங்கு, சுமங்கலி, மூன்றாம் வரிசை, அத்தனையும் அதற்குள் அடங்கிவிட்டது. அத்தான் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு வேறு நின்றார். கிழவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். செருப்புகளைத் தாண்டி உள்ளே போய் அக்காவின் கையிலிருந்த தட்டைப் பிடித்தேன். அவள் விடவில்லை.

"உனக்கு விசரே? பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ!" அக்காவின் கண்ணில் நிஜமாகவே பயம். அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே பயம் எனக்கும் இருந்தது.

"பிள்ளையைக் கேள்" என்றேன்.

"பெரியம்மா, விடுங்கோ" என்றாள் மகள். "எனக்காக அம்மாதான் தட்டைக் குடுக்கவேணும்."

அக்காவின் பிடி தளர்ந்தது. தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். பாக்கு ஒன்று உருண்டு கம்பளத்தில் விழுந்தது. அத்தான் பேசியபோது இருந்த இடத்தை விட்டு அசையாத கிழவர், கதிரையின் இரண்டு கைகளையும் ஊன்றி, பெடியன் தாங்கப் போக அவனையும் தள்ளிவிட்டு, எழுந்து நின்றார். அந்தப் பெரிய கைகள் இரண்டாலும் தட்டை வாங்கினார்.

"அவே" என்றார்.

அது அவர்கள் பாஷையில் 'ஓம்' என்று பெடியன் சொல்ல முன்னமே எனக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் பெடியன் அழத் தொடங்கிவிட்டான். கிழவர் தட்டைப் பிடித்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார்.

"அங்கே மேலே எனக்கு ஒருவரையும் தெரியாது. நீயும் மேடையில் இருப்பாய்தானே?"

அதற்கு நான் தயாராக வரவில்லை. தட்டுக் கொடுப்பது வரைக்கும்தான் தைரியம் கொண்டு வந்திருந்தேன். அத்தான் எனக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

"இருப்பன்" என்றேன், அத்தானுடைய முகத்தைப் பார்த்து.